வாங்கிய பணமும் ஆடிய ஆட்டமும்

1927 ஜூன் 5 அன்று இத்தாலியின் டூரின் நகரில், அந்த ஊரின் இரண்டு அணிகளான யுவென்டஸும் டொரினோவும் மோதின. டொரினோ 2-1 என்று வென்றது. அந்தப் பருவத்தின் தேசிய லீக்கிலும் முதலிடம் பிடித்தது. நவம்பரில் கால்பந்துக் கூட்டமைப்பு அந்தப் பட்டத்தைப் பறித்தது. யுவென்டஸின் தடுப்பாட்டக்காரர் லுயிஜி அல்லெமாந்தி சரியாக ஆடாமலிருக்க, டொரினோ நிர்வாகி ஒருவர் 50,000 லிரா பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு.

வழக்கின் சிக்கல் இனிமேல்தான். அன்று களத்தில் மிக நன்றாக ஆடியவர்களில் அல்லெமாந்தியும் ஒருவர். சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று மீதிப் பணம் மறுக்கப்பட்டது. அந்தத் தகராறில்தான் விஷயம் வெளியே கசிந்தது என்பார்கள். குப்பையிலிருந்து பொறுக்கிய கிழிந்த காகிதத் துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தால், பாக்கியைக் கேட்டு எழுதிய கடிதமாம். அல்லெமாந்தி குற்றத்தை மறுத்தார்.

குற்றச்சாட்டு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பணத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் நேர்மையாக ஆடிவிட்டால், யாருக்கு என்ன நஷ்டம்? கோல் கணக்கு மாறவில்லையே என்று வாதாடலாம். அந்த வாதத்தை ஏற்க முடியாது. பேரம் படிந்த அன்றே ஆட்டம் கெட்டுவிட்டது. கூலியில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்கியவருக்கு, அதன்பின் ஒவ்வொரு கால் தடுமாற்றமும் சந்தேகம்தான். அந்த நம்பிக்கையை விற்க ஆட்டக்காரருக்கு உரிமை கிடையாது. வாங்க நிர்வாகிக்கும் கிடையாது. நிர்வாகியின் பாவத்துக்கு வியர்வை சிந்திய பதினொரு பேர் ஏன் பட்டம் இழக்க வேண்டும் என்ற கேள்வி மனதை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் கிளப்பின் பெயரால் பேசிய பேரத்தின் பலனைக் கிளப்பே வைத்துக்கொள்வது தகாது.

இரண்டாம் இடத்தில் இருந்தது போலோன்யா. கூட்டமைப்பின் தலைவர் லியாண்ட்ரோ அர்பினாத்தி அதே போலோன்யா நகரின் ஆட்சித் தலைவர், பாசிஸ்ட் கட்சியின் பெரும்புள்ளி. பட்டத்தை அவர் தன் ஊருக்குக் கொடுக்கவில்லை. யாருக்கும் இல்லை என்று காலியாக விட்டார். முடிவு சரி. அதைச் சொல்ல அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் தவறு. தன் ஊருக்குப் பங்கிருக்கும் வழக்கில் விலகி நிற்காதவரின் நல்ல தீர்ப்பும் கறைபடும்.

அதைவிடப் பெரிய கோணல் மன்னிப்பில் இருக்கிறது. அல்லெமாந்திக்கு விதித்தது ஆயுள் தடை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இத்தாலி வெண்கலம் வென்றதை ஒட்டி வந்த பொதுமன்னிப்பில் அது நீங்கியது. மன்னிப்பது நல்லதுதான், அதுவும் மறுத்தவரை. ஆனால் மன்னிப்புக்குக் காரணம் மறுவிசாரணையோ வருத்தமோ அல்ல, நாடு பதக்கம் வாங்கிய மகிழ்ச்சி. குற்றமற்றவர் என்றால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது விடுதலை. குற்றவாளி என்றால் வேறு யாரோ வாங்கிய பதக்கம் அவர் கணக்கைத் தீர்க்காது. உண்மை எது என்று யாரும் முடித்துச் சொல்லாமலே அவர் களத்துக்குத் திரும்பினார். 1934இல் ரோமில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலி 2-1 என்று செக்கோஸ்லோவாக்கியாவை வென்றபோது, தற்காப்பு வரிசையில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.