அடைக்கலங்குருவியும் ஆண்டை வீட்டுத் திண்ணையும்

சிட்டுக்குருவிக்கு அடைக்கலங்குருவி என்றும் பேர் உண்டு. அதற்குப் பொந்து குடையத் தெரியாது. ஓட்டு இறவாணத்தில், சுவர் இடுக்கில், திண்ணைக்கு மேலே விட்டச் சந்தில் வைக்கோலைச் செருகி நாலைந்து முட்டையிடும். ரெண்டு வாரம் அடைகாக்கும். இன்னும் ரெண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். வீட்டில் குருவி கூடு கட்டினா நல்லது, கலைச்சா பாவம் என்பார்கள். இதையும், புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபி கதையையும் நம் ஜீவகாருண்யத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். நான் கேட்க வருவது ஒன்றுதான். மனுசனை வாசலில் நிறுத்திவிட்டுப் பறவைக்குக் காட்டும் இரக்கத்தை அறம் என்று சொல்லலாமா?

வழிப்போக்கர் உட்காரவும் படுக்கவும் தமிழன் கட்டிவைத்தது திண்ணை என்று பெருமையாக எழுதுகிறார்கள். எந்த வழிப்போக்கன் என்பதை மட்டும் எழுதுவதில்லை. எங்கம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போன ஆண்டை வீட்டுத் திண்ணையிலும் குருவிக்கூடு இருந்தது. குஞ்சு இருக்கிற நாளில் அடிபட்டுவிடும் என்று மின்விசிறியைக்கூடப் போடமாட்டார்கள். அந்தக் கருணை நெசமானதுதான். அதே திண்ணைக்குக் கீழே, வெயிலில், கூலி நெல்லுக்காக எங்கம்மா முந்தானையை ஏந்திக்கிட்டு நிப்பாங்க. கூட்டில் இருந்தது அவங்க அறுத்த கதிரோட வைக்கோல். வைக்கோல் திண்ணை ஏறியது, அறுத்தவள் ஏற முடியவில்லை.

"குருவிக்கு இருக்கிற மரியாத கூட நமக்கு இல்லியே" என்று நம்மாட்கள் சொல்வதுண்டு. கோபம் நியாயம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் குருவிக்குக் கிடைத்ததையே நாமும் கேட்பதாகிவிடும். குருவிக்குக் கிடைத்தது என்ன? வீட்டுக்காரன் மனசு இருக்கிறவரைக்கும் இருக்கலாம். ஓட்டைப் பிரித்துத் தளம் போடுகிற அன்னைக்குக் கூடு போய்விடும். யாரிடம் போய் முறையிடுவது? அடைக்கலம் என்ற சொல்லுக்குள்ளேயே கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற படிக்கட்டு இருக்கிறது.

மகாடு சவதார் குளத்தை நினைத்துப் பாருங்கள். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் 1924இல் அதை ஏற்றது. அப்படியும் தண்ணீர் கிடைக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் போய்க் குடித்தார்கள். அதுவரை ஆடுமாடு குடித்ததில் தீட்டில்லை, பறவை குடித்ததில் தீட்டில்லை. இவர்கள் குடித்ததும் தடியால் அடித்தார்கள். சாணியும் கோமியமும் குடம் குடமாய் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். மாடு தாகத்துக்குக் குடித்துவிட்டுப் போய்விடும். நானும் உனக்குச் சமம் என்று சொல்லாது. அன்றைக்குக் குடித்தவர்கள் சொன்னது அதைத்தான்.

2010 முதல் அதே மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். பள்ளிக்கூடங்களில் கூடு கட்ட மரப்பெட்டி மாட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். அந்தத் தேதிக்கு மகாடு என்று இன்னொரு வரலாறு இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

எங்க குடிசைக் கூரையிலும் குருவி இருந்தது. எங்கம்மா புடைக்கிற நொய்யில் ஒரு பிடி வாசலில் இறைப்பாங்க. "அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்பதோடு சரி, பாவ புண்ணியம் பேசமாட்டாங்க. மழை பெய்தால் கூரை ஒழுகி அதுவும் நனையும், நாங்களும் நனைவோம். அங்கே அடைக்கலம் கொடுத்தவர் என்று யாரும் இல்லை. ஒரே கூரையில் சேர்ந்து இருந்தோம்.

உயிர்களிடம் கருணை காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறது, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 51ஏ பிரிவு. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு கருணையைப் பற்றிப் பேசவே இல்லை. தீண்டாமை குற்றம் என்கிறது. ரெண்டும் வேண்டும். ஆனால் முதலாவதைக் காட்டி ரெண்டாவதை மறைக்கக் கூடாது.

இரக்கத்துக்கு ஒரு சோதனை உண்டு. வாங்குகிறவன் வாய் திறந்து பங்கு கேட்ட பிறகும் அது இருக்கிறதா? குருவி கூலி உயர்வு கேட்காது, ஊராட்சித் தேர்தலில் நிற்காது. கூலி கேட்டதற்காக 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக 1997இல் மேலவளவு முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். எரித்தவர்கள், வெட்டியவர்கள் வீட்டிலும் குருவிக்கூட்டைக் கலைக்காத வழக்கம் இருந்திருக்கும். அந்த வழக்கம் யாரையும் தடுக்கவில்லை.

குருவி மீது நமக்கு வழக்கு எதுவும் இல்லை, அதன் கூட்டைக் கலைக்கவும் வேண்டாம். நம் வழக்கு திண்ணையின் மீது. அதில் நாம் கேட்பது இரக்கம் அல்ல, உரிமை.