வாழ்க்கையே வேண்டாம் என்பவருக்கு நமது பதில் என்ன?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அண்ணல் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் வஸிய்யத் செய்தவனாக ஆரம்பம் செய்கிறேன்.

தற்கொலை ஹராம் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். சூரா அந்நிஸாவின் 29வது வசனம் அதைத் தடுக்கிறது. ஆனால் அந்த வசனம் எப்படி முடிகிறது என்று கவனித்திருக்கிறோமா? அல்லாஹ் நம் மீது பேரிரக்கம் உடையவன் என்று சொல்லித்தான் முடிகிறது. தடையும் இரக்கமும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. நாமோ, மனம் உடைந்து நிற்பவரிடம் தடையை மட்டும் சொல்லிவிட்டு இரக்கத்தை விட்டுவிடுகிறோம்.

மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த பதில்

பிரசவ வலி. பக்கத்தில் யாரும் இல்லை. ஊர் என்ன பேசுமோ என்ற அச்சம். பேரீச்ச மரத்தடியில் சாய்ந்திருந்த மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே நான் இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்கியதை சூரா மர்யம் 23வது வசனம் சொல்கிறது.

உலகப் பெண்களில் அல்லாஹ் தேர்ந்தெடுத்த பெண்மணி அவர்கள். ஈமான் குறைந்ததால் வந்த வார்த்தையா இது? இல்லை. தாங்க முடியாத வலியில் வந்த வார்த்தை. அடுத்த வசனங்களில் கண்டிப்பு இல்லை. முதலில் கவலைப்படாதே என்ற ஆறுதல் வந்தது. பிறகு காலடியில் ஓடும் நீர், கைக்கெட்டும் தூரத்தில் கனிந்த பேரீச்சம்பழம், உண்டு பருகிக் கண் குளிர்ந்திரு என்ற சொல். ஊராரின் கேள்விகளுக்குப் பதில் பேசத் தேவையில்லை என்ற விடுதலையும் கிடைத்தது.

நம் மகனோ மகளோ, "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று சொன்னால் நாம் என்ன பதில் தருகிறோம்? "தொழுகை இல்லாததால்தான் இப்படி" என்கிறோம். "வெளியே சொல்லாதே, மானம் போகும்" என்கிறோம். அல்லாஹ் கற்றுத் தந்த பதில் இதுவல்ல. பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட வையுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள்.

"செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நெஞ்சில் அழுத்திக்கொண்டிருப்பதை இறக்கி வைக்க அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

விளக்கை அணைக்கச் சொன்ன மார்க்கம்

அன்பானவர்களே! ஓர் இரவில் மதீனாவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்கும் முன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. அல்லாஹ் காப்பான் என்று நம்பிய அதே நபிதான் ஆபத்தை வீட்டில் விட்டு வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

இன்று நம் வீடுகளில் அணைக்காத விளக்குகள் எவை? வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, எலி மருந்து, மிச்சமான தூக்க மாத்திரை, ஆடு மாடுகளுக்கு வாங்கி வைத்த ஊசி மருந்து. கால்நடைக்கான மயக்க மருந்து அமைதியான தூக்கத்தைத் தரும் என்று யாராவது நினைத்தால் அது பெரிய தவறு. விலங்கின் உடலுக்குக் கணக்கிட்டுச் செய்த மருந்து அது. மனிதனில் மூச்சையும் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பாதித்து, உயிர் பிழைத்தவரையும் நீண்ட துன்பத்தில் தள்ளக்கூடியது. பண்ணை வைத்திருப்பவர்களே, கால்நடை மருத்துவத் துறையில் உள்ளவர்களே! அவற்றைப் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். தேவை முடிந்ததை வீட்டில் வைக்காதீர்கள்.

இதனால் என்ன பயன், நினைத்தவர் வேறு வழி தேடமாட்டாரா என்று கேட்கலாம். இலங்கையைப் பாருங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் ஒன்று அது. 1995 முதல் கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. இடையில் போர் இருந்தது, சுனாமி வந்தது, கடன் இருந்தது. ஆனாலும் உயிர்கள் பிழைத்தன. காரணம், அந்த எண்ணம் பெரும்பாலும் அலை போல எழுந்து அடங்குவது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கையில் விஷம் இல்லாவிட்டால் அந்த உயிர் தப்புகிறது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற அல்மாயிதா 32வது வசனத்தின் நன்மை, ஓர் அலமாரியைப் பூட்டுவதிலும் கிடைக்கலாம்!

யாராவது எதையாவது உட்கொண்டுவிட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அறிகுறி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸ் எண்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்காதீர்கள். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இலங்கையில் 1998லேயே அது குற்றம் என்ற நிலை நீக்கப்பட்டது.

உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால்

இதைப் படிக்கும் சகோதரரே, சகோதரியே! உங்கள் மனதில் அந்த எண்ணம் இருந்தால், அல்லாஹ் உங்களை வெறுத்துவிட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் கண்கள் வெளுக்கும் வரை கலங்கினார்கள். அவர்கள் நபிதான். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதும் அவர்கள்தான். கண்ணீரும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். ஆபத்தான பொருள் அருகில் இருந்தால் அதை விட்டு விலகி, மனிதர்கள் இருக்கும் இடத்திற்கு வாருங்கள். இந்தியாவில் டெலி மனாஸ் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் இரவிலும் பேசலாம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது மனதின் நோய்க்கும் பொருந்தும்.

உறவை இப்படி இழந்த குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களுடன் ஹிஜ்ரத் வந்த ஒருவர், நோயின் வேதனை தாங்காமல் தன் உயிரை இழந்தார். அவர் மன்னிக்கப்பட்ட நிலையில், ஆனால் கைகள் மூடப்பட்டவராகக் கனவில் வந்ததை துஃபைல் (ரலி) அவர்கள் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் கைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டு துஆ செய்தார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. எனவே அந்த வீட்டு வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ்! உடைந்த உள்ளங்களுக்கு ஆறுதல் தருவாயாக! அவர்களுக்குக் குளிர்ந்த நீராகவும் கனிந்த பழமாகவும் எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.