அரைப்பேர்

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்பது ஆளின் அடையாளம் மட்டுமன்று. ஒரு நாட் கூலியின் அளவுமாகும். குறித்த நிறைக்குக் கொழுந்து சேர்ந்தால் பெண்ணுக்குப் பேர் விழும், சேராவிட்டால் அரைப்பேர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்த கிலோக்கள் அவள் கணக்குக்குத் திரும்புவதில்லை. மலைச்சரிவில் நாள் முழுதும் நின்ற கால்கள் இரண்டும் முழுமையாகவே நின்றன. பேர் மட்டும் பாதியாயிற்று.

அரைப்பேரை வாங்க மறுத்த ஒரு நடிகையைப் பற்றி இங்கு எழுதப் புகுந்தோம்.

வைஜயந்திமாலாவை நம் முதியவர்கள் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் பத்மினியோடு போட்டியிட்டு ஆடியவராகவே நினைவுகூர்வர். 1949இல் ஏவி.எம்.மின் 'வாழ்க்கை'யில் தோன்றிய அவர், 1951இல் 'பஹார்' மூலம் இந்தித் திரைக்குச் சென்றார். 'நாகின்' (1954) வட இந்தியாவெங்கும் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. ஆடத் தெரிந்தவர் என்ற முத்திரையும் அதனோடு சேர்ந்தே விழுந்தது. மறுவருடம் பிமல் ராயின் 'தேவதாஸ்' வந்தது. சரத்சந்திரர் கதையின் சந்திரமுகியாக, கணிகையாக, அவர் நடித்தார். பார்வதியாக நடித்தவர் சுசித்ரா சென். பிலிம்பேர் விருதுக் குழு வைஜயந்திமாலாவுக்குச் சிறந்த துணைநடிகை விருதை வழங்கியது. தம் பாத்திரம் பார்வதிக்கு நிகரானதே, துணையன்று என்று கூறி அவர் அதனை ஏற்க மறுத்தார்.

இது கர்வமா, நீதியா?

கர்வம் என்போர் சொல்வது இது: பாராட்டு கொடுப்பவரின் உரிமை, பெறுபவர் அதன் அளவைப் பேசலாகாது. இதே வாதத்தை நாம் நிறுவை நடக்கும் மடுவத்திலும் கேட்டிருக்கிறோம். கூலியைக் கொடையென்று எண்ணுகிறவனுக்குத்தான் அளவைக் கேட்பது நன்றிகேடாகத் தோன்றும். நடிப்பும் உழைப்பே. அவ்வுழைப்புக்குத் தவறான மதிப்பிட்டுத் தரும்போது அதனைக் கைகூப்பி வாங்குவது, அத்தவற்றுக்கு நாமே கையொப்பமிடுவதாகும்.

சந்திரமுகி ஏன் துணையானாள் என்பதையும் கேட்க வேண்டும். குலமகள் தலைவி, கணிகை அவளுக்கு ஒரு படி கீழ் என்ற பழைய ஏணி அத்தீர்ப்பில் மறைந்து நின்றது என்றே நமக்குத் தோன்றுகிறது. நாம் மட்டும் மேலானவர்களா? இந்த இலங்கையில் தமிழரும் சிங்களவரும் கண்ணகிக்குக் கோயில் எடுத்தோம். மாதவிக்கு ஒரு விளக்கும் ஏற்றவில்லை. வேடிக்கை என்னவெனில், 'சாதனா' (1958) படத்தில் மீண்டும் கணிகையாக நடித்தே வைஜயந்திமாலா சிறந்த நடிகை விருதைப் பெற்றார். அதே ஆண்டின் 'மதுமதி'யில் எஸ்டேட் முதலாளியின் கொடுமைக்குப் பலியாகும் மலைப்பெண்ணாகவும் வந்தார். அக்கதையை எழுதியவர் ரித்விக் கட்டக் என்பதில் வியப்பில்லை.

இங்கே ஒரு கடினமான கேள்வி நம்மை மறிக்கிறது. விருதை மறுத்த அன்றும் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது. அடுத்த படத்துக்கு அழைப்பும் வந்தது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தாய்மார் அரைப்பேரை மறுத்தால் அந்த அரையும் போகும். அப்படியானால் தன்மானம் வசதி படைத்தோரின் அணிகலன்தானா? அல்லவென்றே நாம் கருதுகிறோம். ஆனால் 'தன்மானத்தோடு வாழ்' என்று பாடம் நடத்திவிட்டுப் பஸ் ஏறுவதோடு நம் கடமை முடிந்ததென்றும் கருத இயலவில்லை. தனியொருத்தியின் மறுப்பு அவளுடைய நேர்மையைக் காட்டலாம். தராசை அது அசைப்பதில்லை. பரிசளிப்போர் வகுத்த பிரிவுகளும் அந்த மறுப்புக்குப் பின் அப்படியேதான் இருந்தன.

இந்நாட்டுத் தோட்டங்களில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்துக்குக் குறைவாகவே விதிக்கப்பட்டிருந்தது. அது சமமானது 1984இல்தான். அதுவும் தொழிலாளர் திரண்டு வேலைநிறுத்தத்தில் இறங்கிய பின்னரே. கூடையை இறக்கி வைத்த அப்பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் வரிசையாக இல்லை. அவ்வாண்டின் இறுதியில் வைஜயந்திமாலா காங்கிரஸ் வேட்பாளராகத் தென்சென்னையில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். அதனைப் போற்ற நாம் எழுதவில்லை.

1968இல் மணம் புரிந்தபின் அவர் திரையை விட்டு விலகினார், நடனத்தை விடவில்லை. 2024இல் பத்ம விபூஷண் அளிக்கப்பட்டபோது அவர் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதியோர் பலர். அவர் பெற்ற விருதுகளின் பட்டியல்களில் 'தேவதாஸ்' படத்துக்கான துணைநடிகை விருதும் இன்றுவரை ஒன்றாக எண்ணப்படுகிறது. சம்பளம் சமமான பின்னும் மடுவத்தில் அரைப்பேர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.