சரீரமும் சாரீரமும்

பூந்தமல்லியிலிருந்து கோவூர் அதிகத் தூரமில்லை. அங்கே கோயில் கொண்ட சுந்தரேஸ்வரர் மீது தியாகராஜர் (1767–1847) ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவரை ஊருக்கு அழைத்து உபசரித்தவர் சுந்தரேச முதலியார். பாட்டெல்லாம் ஈசனுக்கே போயிற்று.

பக்தியில்லாத சங்கீத ஞானம் நல்வழி ஆகுமா என்று தன்யாசி ராகத்தில் கேட்டவரும் தியாகராஜர்தான். அப்படியானால் மனமுருகிப் பாடினாலே போதாதா? அம்பத்தூரிலும் ஆவடியிலும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சரளி வரிசையை மூன்று காலத்திலும் ஏன் உருப்போட வேண்டும்?

நியாயமான கேள்வி. பக்கத்துத் திருமுல்லைவாயிலுக்குச் சுந்தரர் கண்ணொளி இழந்த நிலையில் வந்து பாடினார் என்கிறது பெரிய புராணம். அந்த அழுகைக்கு எந்தப் பாட்டு வாத்தியார் மதிப்பெண் போட முடியும்? ஆனால் அது நம் காதுவரை வந்து சேர்ந்த வழியையும் பார்க்க வேண்டும். தக்கேசிப் பண்ணில் அமைந்த அந்தப் பதிகத்தை ஓதுவார்கள் இன்று காம்போதியில் பாடுகிறார்கள். பழகிய தொண்டைகள் தலைமுறை தலைமுறையாக அதைச் சுமந்து வந்திருக்கின்றன.

குரலுக்குச் ‘சாரீரம்’ என்று பெயர். சரீரத்திலிருந்து பிறந்த சொல் அது. ஜகன்மோகினி ராகக் கீர்த்தனை ஒன்றில் தியாகராஜர் ஏழு ஸ்வரங்களும் நாபி, இதயம், கண்டம், நாக்கு, நாசி ஆகிய இடங்களில் ஒளிர்வதாகச் சொல்கிறார். குரல் பயிற்சி தருபவர்களும் இதே உடம்பைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள்: வயிற்றிலிருந்து மூச்சை எடு, கழுத்தை இறுக்காதே, வாயைத் திறந்து அகாரம் பாடு.

ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு ஆதார ஷட்ஜத்தில் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 130 முறை அதிரும். மேல் ஷட்ஜத்தில் அதற்கு இரு மடங்கு. அதைக் கழுத்து நரம்பால் எட்டினால் கத்தலாகிவிடும். மூச்சால் எட்டினால் ஒன்று நடக்கும். தம்புராவோடு ஷட்ஜம் கரைந்து, பாடுபவருக்கே தன் குரல் தனியாகக் கேட்காது. ‘நான்’ ஒதுங்குவது பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. அந்த ஒரு கணம் தொண்டையில் நிகழ்வது வேறு. சாதகம் பக்திக்கு முந்திய ஏற்பாடு மட்டுமல்ல, பக்தியே அங்கு தொடங்குகிறது.

கோவூர்ப் பாடல்களில் ஒன்றான ‘ஈ வசுதா’ சஹானாவில் அமைந்தது. நிதானமாக இழைய வேண்டிய ராகம். இடையில் மூச்சு அறுந்தால் ராகமும் அறுந்துபோகும். அதைக் கற்க ஆசையோடு வரும் பிள்ளையை, முதலில் தம்புராவின் அருகே உட்காரவைத்து, ஷட்ஜத்தை மறுபடி பிடிக்கச் சொல்கிறார்கள்.