சாவா மூவாப் பேராடும் பழைய நிரலும்

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் பல, விளக்கெரிக்க விடப்பட்ட கால்நடைகளின் கணக்கைச் சொல்கின்றன. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அதையும் தம் வீட்டுப் படியால் அளக்க முடியாது. ஆடவல்லான் என்று பெயர் பெற்ற கோயில் அளவையால்தான் அளக்க வேண்டும். இப்படி விடப்பட்ட மந்தைக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு மூப்படையும், சாகும் என்பது அந்த இடையருக்கும் தெரியும், கல்லில் உளியை வைத்தவருக்கும் தெரியும். செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து நிற்கும், எண்ணிக்கை குறையாது, நெய் நிற்காது என்பதே அந்தச் சொல்லின் பொருள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் முதலில் ஓட்டிவந்த ஆடுகளில் ஒன்றுகூட மந்தையில் இருக்காது. ஆனாலும் கல்வெட்டின் கண்ணுக்கு அது அதே மந்தைதான்.

மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை 'அதே பொருள்' என்று எப்போது வரை சொல்லலாம் என்ற கேள்வி பழையது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதினார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் முடிச்சை இறுக்கினார். மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூலில் நாகசேனர் கிரேக்க அரசன் முன் ஒரு விளக்கை உவமையாக வைக்கிறார். முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா, வேறா? ஒன்றும் அல்ல, முற்றிலும் வேறும் அல்ல என்பது பௌத்தம் கண்ட விடை. ஆழமான விடை. ஆனால் அது சுடரைப் பற்றிய விடை. எண்ணெய் ஊற்றுகிறவரைப் பற்றி அதில் பேச்சில்லை. சோழர் கல்வெட்டு கேள்வியையே மாற்றிப் போடுகிறது. மந்தை அதேதானா என்று அது கேட்பதில்லை. நாளைக்கு நெய் அளக்க வேண்டியவர் யார் என்று கேட்கிறது. ஒரு பொருளின் தொடர்ச்சி அந்தப் பொருளுக்குள் இல்லை, அதை நம்பியிருப்பவருக்கு நாம் பட்ட கடனில் இருக்கிறது. பழைய வலைச்செயலி ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

கோயில் விளக்கையும் ஒரு அலுவலகத்தின் கணினித் திரையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்ற கேள்வியை முதலிலேயே எதிர்கொள்வது நல்லது. புனிதத்தில் இரண்டும் ஒன்றல்ல. வலைச்செயலியில் பிரதிஷ்டை செய்யப்பட்ட எதுவும் இல்லை. ஆனால் பிறர் நம்பியிருக்கும் ஒன்றைத் தலைமுறை கடந்து காப்பது எப்படி என்பதைப் பற்றி, மற்றெல்லா அமைப்புகளையும்விட நீண்ட காலம் யோசித்தவை வழிபாட்டு இடங்கள். ஓய்வூதியக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் நில ஆவணமும் ஒரு திரைக்குள் வந்துவிட்ட காலத்தில், அந்தத் திரை அணைந்தால் இருட்டில் நிற்பவர்கள் உண்மையான மனிதர்கள். கடமை என்ற அளவில் ஒப்பீடு செல்லும்.

ஒரு மந்தையை எடுத்துப் பார்ப்போம். மிஷ்கோ ஹெவரி 2009இல் தொடங்கி, கூகுள் 2012இல் 1.0 பதிப்பாக வெளியிட்ட, வலைச்செயலிகள் கட்டுவதற்கான ஆங்குலர்ஜேஎஸ் ஃபிரேம்வொர்க். திரையில் உள்ள பெட்டியில் ஒன்றைத் தட்டினால் உள்ளே இருக்கும் தரவு மாறும், தரவு மாறினால் திரை தானாக மாறும். அந்த இருவழிப் பிணைப்பு அன்று பெரிய விடுதலையாக இருந்தது. நிறுவனங்களின் உள்வேலைச் செயலிகள் ஏராளமாக அதன்மேல் எழுந்தன. 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த மாநாட்டில், அடுத்த பதிப்பு முற்றிலும் புதிதாக எழுதப்படும், இப்போது நீங்கள் கற்றிருக்கும் கன்ட்ரோலரும் ஸ்கோப்பும் அதில் இருக்காது என்று அறிவித்தார்கள். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பழையதற்கான நீண்டகால ஆதரவு 2021 ஜூனில் முடிவதாக இருந்து, பெருந்தொற்றினால் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டு, 2021 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அன்று இரவு எந்தச் செயலியும் நின்றுபோகவில்லை. மறுநாள் காலையிலும் எல்லாத் திரைகளும் வழக்கம்போல் திறந்தன. முதல் வாதம் இங்கேதான் பிறக்கிறது: ஓடுவதை ஏன் தொட வேண்டும்?

இந்த வாதத்தை ஏளனமாகத் தள்ளக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் பல ஆண்டுகளின் திருத்தங்கள் படிந்திருக்கின்றன. ஒவ்வொரு கோணலான வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய சிரமம் தீர்ந்த கதை இருக்கிறது. ஆனால் 'ஓடுகிறது' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேகுவெரி லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வந்த எச்டிஎம்எல் துண்டை வடிகட்டித் துப்புரவாக்கிய பிறகும், அதன் வழக்கமான கட்டளைகளால் பக்கத்தில் சேர்க்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் தீய நிரல் ஓடிவிட வாய்ப்புண்டு என்பது 2020 ஏப்ரலில் வெளியான 3.5.0 பதிப்போடு வெளிப்பட்டது. 1.2 முதல் அதுவரை வந்த பதிப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. காரணம் ஒரு வசதிதான். சுருக்கி எழுதிய குறிச்சொற்களை லைப்ரரியே விரித்து முழுமையாக்கிக் கொடுத்த அந்த உதவிதான் ஓட்டையாக இருந்தது. 2010இல் எழுதி, ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்த செயலிக்கு அந்த ஏப்ரலில் என்ன நேர்ந்தது? நிரலில் எதுவும் நேரவில்லை. குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. அன்று முதல் அது தெரிந்த குறை ஆயிற்று. அறநூல்கள் தெரியாமல் செய்ததையும் தெரிந்து விட்டுவிட்டதையும் வேறு வேறாக எடை போடும். ஆடு நோயுற்றிருப்பது தெரிந்த பின் இடையர் மந்தையைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்தால், அதை மரபுக்குக் காட்டும் மரியாதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொடாமல் இருப்பதும் ஒரு செயல்தான், அதற்கும் பொறுப்பு உண்டு.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாவற்றையும் இடித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாம் என்பார்கள். இளைய டெவலப்பர்களுக்கு இது இயல்பாகவே இனிக்கும். பிறர் எழுதியதைப் படிப்பதைவிடத் தாமே எழுதுவது எளிது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1997இல் தன் உலாவியின் 4ஆம் பதிப்பை வெளியிட்டது. பின்னர் பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கியது. 5ஆம் பதிப்பு வரவே இல்லை. 6ஆம் பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. அந்த இடைவெளியில் பயனர்கள் கூட்டம் கூட்டமாக வேறு உலாவிக்குப் போய்விட்டார்கள். ஜோயல் ஸ்போல்ஸ்கி அதே ஆண்டு ஏப்ரலில் எழுதிய கட்டுரையில் இதை ஒரு நிறுவனம் செய்யவே கூடாத தவறு என்றார். நியாயமாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்தப் புதிய நிரலின் வழியில்தான் 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது. ஆக, முழுதாகப் புதுக்குவது தன்னளவில் பாவம் இல்லை. செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் சோழநாட்டில் பல செங்கல் கோயில்களைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். அதுவும் முழு மாற்றம்தான். அடித்தளத்திலிருந்து கலசம் வரை ஒரு செங்கலும் மிஞ்சாத மாற்றம். அதை யாரும் அழிவு என்று சொல்வதில்லை.

வேறுபாடு, இடைக்காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்பதில் இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் ஆகம மரபு பாலாலயம் செய்யச் சொல்கிறது. மூலவரிடமிருந்து ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றி, தற்காலிகமான சிறு சன்னிதியில், பெரும்பாலும் மரத்தாலான வடிவத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே அன்றாடப் பூசையைத் தொடர்வார்கள். கருவறையில் உளிச்சத்தம் கேட்கும் மாதங்களிலும் ஒரு வேளைப் பூசைகூட நிற்பதில்லை. கட்டடம் நிற்கலாம், வழிபாடு நிற்கக் கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. ஆங்குலர் குழு தந்த 'என்ஜிஅப்கிரேடு' என்னும் கருவி செய்வதும் இதற்கு நெருங்கியது: பழையதும் புதியதும் ஒரே பக்கத்தில் சேர்ந்து ஓடும், ஒவ்வொரு திரைத்துண்டாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றலாம். இதற்கு விலை உண்டு. இரண்டு ஃபிரேம்வொர்க்கின் சுமையும் பயனரின் உலாவியில் ஏறும், வேலை மெதுவாக நகரும், இரண்டு மரபுகளையும் அறிந்த கைகள் தேவைப்படும். பாலாலயத்துக்கும் செலவு உண்டுதான். அந்தச் செலவு வேண்டாம் என்று சொல்கிறவர் உண்மையில் அதைத் தவிர்ப்பதில்லை, பயனரின் தலையில் இறக்கி வைக்கிறார்.

தொடர்ச்சி காக்கப்பட்டதா என்று யார் சொல்வது? இதற்குத்தான் ஆடவல்லான். நெய்யை அளக்கும் படி இடையரிடம் இல்லை, கோயிலில் இருக்கிறது. மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் எழுதிய நூலில், லெகஸி நிரல் என்பது சோதனைகள் இல்லாத நிரல் என்று வரையறுத்தார். வயதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. பழைய செயலி இன்று என்ன செய்கிறதோ அதை அப்படியே பதிவு செய்யும் சோதனைகளை முதலில் எழுது, பிறகு கை வை என்பது அவர் காட்டிய வழி. எப்படி இயங்க வேண்டும் என்ற நம் கற்பனைக்கு அங்கே இடமில்லை. எப்படி இயங்குகிறது என்பதே அளவை. மந்தையில் எத்தனை ஆடு மாறினாலும் அந்த அளவையில் நெய் குறையவில்லை என்றால் கடன் தீர்ந்தது.

இங்கே ஒரு நுட்பமான எதிர்ப்பு வரும். எது நெய், எது ஆடு என்று யார் பிரிப்பது? பத்து ஆண்டாக ஒரே படிவத்தை நிரப்பும் அலுவலர் திரையைப் பார்ப்பதே இல்லை. மூன்று முறை டேப் விசையைத் தட்டினால் தொகைக் கட்டம் வரும் என்று அவர் விரல் அறியும். புதிய அழகிய திரையில் அந்த வரிசை மாறினால், கணக்கு சரியாக வந்தும் அவருக்கு ஏதோ பறிபோகிறது. அந்த விரலறிவு அவர் உழைத்துச் சேர்த்த சொத்து. காரணமின்றி அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பழைய நடத்தை முழுவதையும் நெய் என்று எடுத்துக்கொண்டால் வேறொரு அநீதி நிலைபெறும். பழைய லைப்ரரிகளில் கட்டிய நாள்காட்டிப் பெட்டிகள் பலவற்றில், பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே தெரியாது. கண்ணுக்கு மட்டும் கட்டப்பட்ட திரை அது. திரைவாசிப்பான்கள் புரிந்துகொள்ளும்படி இடைமுகத்தை எழுதுவதற்கான 'ஏரியா' விதிகள் 2014 மார்ச்சில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயின. பார்வையற்றவர்களுக்கு அந்த விளக்கு தொடக்கத்திலிருந்தே எரியவில்லை. இருந்ததைக் காப்பது மட்டும் கடமை என்றால் அவர்கள் என்றென்றும் வெளியே நிற்பார்கள். ஆகவே அளவையை அப்படியே ஏற்பதும் போதாது. யாருக்கு இதுவரை அளக்கவே இல்லை என்றும் பார்க்க வேண்டும். கடனைத் தொடர்ச்சியின் அடிப்படையாக வைத்தால் இந்தக் கேள்விக்கும் அதில் இடம் கிடைக்கிறது. பொருளையே அடிப்படையாக வைக்கிறவருக்கு இது கண்ணில் படாது.

இன்னொரு மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். லைப்ரரிகள் ஆடுகளைப்போல் தாமாக மூப்பதில்லை. ஒரு நிறுவனம் ஒரு நாள் தீர்மானிக்கிறது, அன்று அது பழையதாகிறது. இதை அநித்தியம் என்றும் காலத்தின் கட்டாயம் என்றும் சொல்வது, மனிதர் எடுத்த முடிவுக்குத் தத்துவப் போர்வை போர்த்துவது ஆகாதா? உண்மைதான். 2014இன் அறிவிப்பு இயற்கை நிகழ்வன்று. வேறு விதமாகவும் முடிவெடுத்திருக்க முடியும். ஜேகுவெரி 2013இல் 1.9 பதிப்பில் பல பழைய கட்டளைகளை நீக்கியபோது, நீக்கியதைத் தற்காலிகமாகத் திருப்பித் தந்து, எங்கே எதை மாற்ற வேண்டும் என்று எச்சரிக்கையும் காட்டும் 'மைக்ரேட்' துணைநிரலைக் கூடவே கொடுத்தது. கருவி செய்கிறவருக்கும் கடன் உண்டு என்பதை உணர்ந்த செயல் அது. ஆனால் லைப்ரரியை எழுதியவர் தம் கடனை மறந்தார் என்பதால் அதை எடுத்துப் பயன்படுத்தியவரின் கடன் தீர்ந்துவிடாது. மந்தையை விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லி விளக்கை அணைக்க முடியாதல்லவா? இந்த மறுப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று: அடுத்த மந்தையைத் தேர்ந்தெடுக்கும்போது காட்ட வேண்டிய கவனம். உலாவியே இயல்பாகத் தரும் வசதிக்கு வெளியிலிருந்து லைப்ரரி கொண்டுவராமல் இருப்பதும், கொண்டுவந்ததைச் செயலியின் மூலைமுடுக்கெல்லாம் பரவவிடாமல் ஓர் எல்லைக்குள் நிறுத்துவதும் அந்தக் கவனத்தில் அடங்கும்.

கடைசியாக, கழற்றிய பலகைகள். மாற்றம் முடிந்ததும் பழைய நிரலை நீக்கிவிட வேண்டியதுதான். பயனில்லாததை வைத்திருப்பது புதியவருக்குக் குழப்பம். ஆனால் அந்த நிரலில் சில வரிகள் ஏன் இருந்தன என்ற காரணம் நீங்கிவிடக் கூடாது. இந்த மாவட்டத்துக்கு மட்டும் தேதி ஏன் வேறு வடிவில் போகிறது, இந்தப் பொத்தானை இருமுறை அழுத்த ஏன் விடுவதில்லை என்பதெல்லாம் யாரோ பட்ட பாட்டின் பதிவு. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவலில் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் புதிய சுவரில் படியெடுத்து வெட்டப்பட்டன. முந்தைய அரசர் காலத்தில் விட்ட விளக்குகளின் கணக்கு அவற்றில் இருந்தது. கல் போனால் கொடையும் போய்விடும். அப்படிப் படியெடுத்த கல்வெட்டுகளில் இது ஒரு பழங்கற்படி என்று குறிப்பது அக்கால வழக்கம். புதுச் சுவரில் புது எழுத்தாக விட்டிருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வாசகம் எனதன்று, எனக்கு முன் வேறொரு கல்லில் இருந்தது என்று சொல்வதற்காகவே அந்தச் சிற்பி மேலும் சில எழுத்துகளைக் கருங்கல்லில் வெட்டினார்.