முடிவும் ஒப்படைப்பும்

பழைய கணினியில் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஷட்டவுன் கட்டளை தருகிறோம். சேவைகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. 'சிஸ்டம் ஹால்டட்' என்ற கடைசி வரி திரையில் நிற்கிறது. மின்விசிறியோ சுழன்றுகொண்டே இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, கணினி அணையவில்லை.

முடிவதும் அணைவதும் வேறு வேறா? வேறுதான். இயங்கும் மென்பொருள் தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ள இயலாது. தனக்குக் கீழுள்ள ஒன்றிடம் அதைக் கேட்க வேண்டும். 1995இல் ஏடிஎக்ஸ் என்னும் தாய்ப்பலகை வடிவமைப்பு வரும்வரை பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது நம் கையின் வேலை. நாமே சுவிட்சை அணைத்தோம். பின்னர் பொறுப்பு தாய்ப்பலகைக்குப் போனது. கேட்கும் முறையாக முதலில் ஏபிஎம் இருந்தது. 1996 இறுதியில் ஏசிபிஐ வந்தது. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறிய காலத்துக் கணினிகளில், லினக்ஸின் மையமான கர்னல் ஒரு முறையில் கேட்கிறது. தாய்ப்பலகையிலுள்ள அடிப்படை மென்பொருளான பயாஸோ அந்த முறையை அரைகுறையாகவே அறிந்திருக்கிறது. பழுது பெரும்பாலும் இருவருக்கும் நடுவில்தான்.

அணைப்பதைப் போலவே ரீபூட்டும் ஓர் ஒப்படைப்புதான். அதன் வேர் இன்னும் பழையது. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியின் 80286 செயலி, பாதுகாப்பு நிலைக்குள் சென்றபின் ரீசெட் இன்றிப் பழைய நிலைக்குத் திரும்ப முடியாதது. அந்த ரீசெட்டைக் கீபோர்டு கன்ட்ரோலரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அந்தக் கதவை லினக்ஸ் இன்றும் தட்டும். திறக்காவிட்டால் பயாஸ், பிசிஐ என வேறு வழிகள். பிழைமேல் பிழை அடுக்கிச் செயலியைச் சரியவைக்கும் டிரிபிள் ஃபால்ட்டும் உண்டு. எந்த மாடலுக்கு எந்த வழி என்ற பட்டியலே கர்னலின் மூலநிரலில் இருக்கிறது. அதில் இல்லாத கணினிக்கு, பூட் வரியில் ரீபூட் அளவுருவை நாமே மாற்றி மாற்றிப் பார்க்கிறோம்.

கணினி அணையாத காரணத்தைத் தேடினால் சாட்சி கிடைப்பதும் அரிது. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தவர், பூட்டிய செய்தியை உள்சுவரில் எழுத முடியாது. வட்டு மூடப்பட்ட பின் நடந்ததை வட்டிலுள்ள பதிவேடும் அறியாது. தன் முடிவுக்குத் தானே சாட்சியாக எதனாலும் இருக்க முடிவதில்லை.

அப்படியானால் முடிப்பவரின் கடமைதான் என்ன? ஷட்டவுனின் ஒழுங்கிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் முதலில் அறிவிப்பு, முடித்துக்கொள்ள அவகாசம், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் வழக்கமாக 90 வினாடி, அதன்பிறகே கட்டாயம். நினைவகத்தில் தங்கிய தரவு வட்டில் எழுதப்படுகிறது. பிறகே வட்டு மூடப்படுகிறது. இவ்வளவும் நடந்தேறியிருந்தால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நாமே அணைத்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. நடக்காதிருந்தால், சொன்ன கணமே அணையும் கணினியும் தரவை இழந்துவிடும்.

பதவியிலிருந்து இறங்குபவரும், கட்டி எழுப்பியதை அடுத்த தலைமுறையிடம் விடுபவரும், இறுதியில் உயிரையே விடுபவரும், தம் முடிவின் கடைசிச் செயலைப் பிறர் கையில்தான் விட்டுச் செல்கிறார்கள். அந்தக் கை நம் மொழி அறியாததாக இருக்கலாம், தாமதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால், சொல்ல வேண்டியவர்களிடம் உரிய காலத்தில் சொல்லி, அவர்களுக்கு அவகாசம் தந்து, காக்க வேண்டியதைக் காத்துவைத்துவிட்ட ஒருவரிடமிருந்து அந்த மறுப்பு பறித்துக்கொள்ள எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. முடிவு நம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று, அதற்கான ஆயத்தம் உட்பட்டது. நல்ல முடிவு என்று நாம் போற்றுவதெல்லாம் அந்த ஆயத்தத்தையே.