சார்த்தப்படாத கதவு

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், திருப்பதி மாவட்டத்துச் சூளூர்பேட்டையில், காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மா பரமேசுவரி ஆலயத்தைத் தரிசிக்கலாம். இரவும் பகலும் அன்னையின் சன்னிதிக் கதவு சார்த்தப்படுவதில்லை என்பது அவ்வாலயத்தின் மரபு. துயருற்றவர் நள்ளிரவில் வந்தாலும், ‘நாளை வா’ என்று அன்னை சொல்வதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இல்லத்திலும் பள்ளியிலும் இத்தகைய கதவு ஒன்று திறந்திருக்கிறதா?

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. காரணங்கள் பல. ஆயினும், மனத்தில் உள்ளதைச் சொல்ல ஒருவர் இல்லாத தனிமை எந்தத் துயரையும் மேலும் கனமாக்கிவிடுகிறது.

தோல்வியைத் தாங்கிய தோள்

சூளூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்து செல்லும் சாலை ஸ்ரீஹரிகோட்டாவை அடைகிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் முதன்முறையாக விண்ணில் ஏவப்பட்டது. ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுப் பின்னர் அது வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம் மனமுடைந்து நின்றார். அப்போது இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர்களின் முன் சென்று தோல்விக்குப் பொறுப்பேற்றார். தம் குழுவினர் மீது தமக்குள்ள நம்பிக்கையையும் எடுத்துரைத்தார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோதோ, செய்தியாளர்களைச் சந்திக்குமாறு கலாமை அனுப்பினார். இதனைக் கலாம் பின்னாளில் பலமுறை நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அந்த விண்வெளி மையம் 2002 முதல் தவானின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தவான் தோல்வியை மூடி மறைக்கவில்லை. பழுது ஆராயப்பட்டது, திருத்தவும்பட்டது. ஆனால் அது கருவியின் பழுதாகவே கருதப்பட்டது. எவருடைய மதிப்பும் அதனால் குறைக்கப்படவில்லை. மதிப்பெண் பட்டியலுடன் வீடு திரும்பும் பிள்ளைக்கு வேண்டியதும் இதுவே.

முதலில் செவி, பின்னர் சொல்

தன்னை அறிதல், பிறர் துயர் உணர்தல், தெளிந்து முடிவெடுத்தல், உணர்ச்சிகளையும் மன அழுத்தத்தையும் கையாளுதல் முதலிய பத்தினை வாழ்க்கைத் திறன்கள் என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஆன்ம பரிசோதனை, கருணை, விவேகம், சமநிலை என நம் சான்றோர் போற்றிய பண்புகளும் இவற்றுக்கு நெருங்கியவையே. இவற்றைப் பாடமாக ஒப்பிக்கச் செய்வதால் பயனில்லை. பெரியவர்களின் நடத்தையிலிருந்தே பிள்ளைகள் இவற்றைக் கற்கின்றனர்.

கீதையின் அமைப்பை நோக்குக. முதல் அத்தியாயம் அர்ஜுனனின் புலம்பல். கை நடுங்குகிறது, வில் நழுவுகிறது என்று அவன் கூறுவதையெல்லாம் பகவான் இடைமறிக்காமல் கேட்கிறார். அவருடைய உபதேசம் இரண்டாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. நாமோ பிள்ளை வாய் திறக்குமுன் பதினெட்டு அத்தியாயங்களையும் சொல்லி முடித்துவிடுகிறோம்!

ஆந்திரத்தில் ஒரு மாணவியின் மரணம் குறித்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்று பணித்தது. மத்திய அரசின் 14416 என்ற தொலைபேசி உதவி எண்ணும் உண்டு. உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, பேச்சு குறைந்து ஒரு பிள்ளை ஒடுங்கினால் தயங்காமல் இவற்றின் உதவியை நாட வேண்டும். அது குறைவன்று, உடல் நோய்க்கு மருத்துவரை நாடுவது போன்றதே.

ஆனால் ஆலோசகரின் அறை மாலையில் பூட்டப்படும். அதன் பின்னரும் திறந்திருக்க வேண்டியது பெற்றோரின் கதவு. நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம், மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், பிள்ளையின் பேச்சைக் கேட்பதையே பெற்றோர் ஒரு விரதமாகக் கொள்ளலாம். ‘என்ன நேர்ந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், அப்பாவிடம் சொல்லலாம்’ என்ற துணிவு பிள்ளையின் நெஞ்சில் வேரூன்றிவிட்டால், அவ்வில்லமும் அன்னையின் சன்னிதியே ஆகும்.